ஃபேனில் சிக்கிய சாமந்தி

அக்டோபர் 27, இரவு 10.40. வீட்டுக் கம்ப்யூட்டர் இன்று மட்டும் ஒன்பது தடவை ஹேங் ஆனது.

தங்கச்சி வள்ளியின் பி.எட். விண்ணப்பத்துக்கு நாளை கடைசி நாள். பாதியில் திரை நின்றதும், "ஏட்டி, கண்டதையும் டவுன்லோட் பண்ணி வச்சிருக்கியா?" என்று அம்மா முன்னாலேயே கத்தினேன். விண்ணப்பத்தை அனுப்ப வள்ளி மழையில் தென்காசிக்குப் போனாள். பிரவுசிங் சென்டர் பூட்டியிருந்ததாம். நனைந்த துணியோடு குற்றாலம் பஸ்ஸில் திரும்பி வந்தாள்.

விண்டோஸை இரண்டு முறை அழித்துப் புதிதாகப் போட்டும் பிரயோஜனமில்லை. அலுத்துப்போய் இப்போதுதான் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். ஃபேனில் பூ நாரும் காய்ந்த சாமந்தியும் சுற்றிக் கிடக்கின்றன. ஃபேன் ஓடாமல், சூடு தாங்காமல்தான் நின்றிருக்கிறது. ஆயுத பூஜையன்று அவசரத்தில் காற்றுத் துளையில் பூச்சரத்தைச் சொருகியது நான்தான்.

வள்ளி எட்டிப் பார்த்தாள். "எஞ்சினியருக்கு மூடியத் திறக்க இவ்வளவு நாளாண்ணே?" என்றுவிட்டுப் படுக்கப் போனாள்.

1. நாரை முழுசா எடுக்கணும்.
2. காலை ஆறு மணிக்கு அவளோட உட்கார்ந்து விண்ணப்பத்தை அனுப்பணும்.
3. அதுக்கு முன்னாடி, தப்பு என்னுதுன்னு சொல்லணும். அம்மா முன்னாலேயே.