கையுறை கழற்றும் வகுப்பு

சென்னை,
12.7.1976

அன்புள்ள அம்மாவுக்கு ருக்கு வணங்கி எழுதுவது. உன் மூச்சிரைப்பு தேவலையா? நைனா ஏரிக்குப் போகிறாரா?

சினிமாவில் குரூப் டான்ஸ் வேலை இல்லை. அதனால் ஓட்டலில் ஆடும் காபரே நடனம் கற்கச் சேர்ந்துவிட்டேன். நைனாவிடம் சொல்லாதே. நேற்று முதல் வகுப்பு. சிரித்துக்கொண்டே கையுறையை மெல்லக் கழற்ற வேண்டும். கழற்றினேன். ஏரியில் இறால் தடவிப் பிடித்த கையாயிற்றே, கிளிஞ்சல் கீறிய தழும்பெல்லாம் தெரிந்தது.

"இன்னாம்மா கை இது? நீ மட்டும் இத்த கழட்டாம ஆடு" என்றார் மாஸ்டர். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மற்றதைக் கழற்றினால் போதுமாம். பயப்படாதே, அந்தப் பாடம் இன்னும் வரவில்லை.

என் குழந்தை அமுதாவின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு, செருப்பு வாங்க வேண்டும். என்னிடம் இருப்பது போன வருஷத்து அளவு. மாஸ்டர் கைதட்டிக் கூப்பிடுகிறார்.

உன் மகள்,
ருக்கு