ரேவதியைக் கேட்ட கேள்வி

புதன்கிழமை.

இன்று பெல்மதுளை காப்புறுதி அலுவலகத்தில் இருந்தது மூன்று பேர். என் பேத்தி ரேவதி, மேசைக்கு அந்தப் பக்கம் அலுவலர் நிமால் மாத்தயா, அஞ்சலையாகிய நான்.

ரேவதிக்குத் திக்குகிறது. டெலிபோனில் பேசுவதுதான் அவள் வேலை. பேச்சு சரியாகாவிட்டால் நிறுத்திவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். பேச்சுப் பயிற்சிக்கு இன்சூரன்ஸ் பணம் தருவார்களா என்று கேட்கப் போனோம்.

"எப்ப இருந்து இப்படி, மிஸ்?" என்றார் மாத்தயா.

"போ... போ..." என்று தொடங்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏழு வயசுல இருந்துங்க. டீச்சர் பெஞ்சுல ஏத்தி நிக்க வச்சாளே, அன்னைக்கு வந்தது," என்றேன். அந்த டீச்சரின் சேலை நிறம்கூட எனக்கு மறக்கவில்லை.

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். "சின்னதுல இருந்து இருந்தா குடுக்க ஏலாது அம்மே. விபத்துல, நோயில வந்தா மட்டுந்தான்." இது என்ன ஞாயம் என்று நான் அவரோடு சண்டை பிடித்துவிட்டு எழுந்தேன்.

பஸ்ஸில் ரேவதி மெதுவாகச் சொன்னாள். "வேலைக்குப் போனதும் அது நி... நின்னுருச்சு அம்மாயி. ஒங்க முன்னால மட்டுந்தான் வரும். போன வருஷம் த்ரீவீல் பெரண்டு தலையில அடிபட்டுச்சே, அப்பறந்தான் எல்லா எடத்துலயும் வருது. டாக்டர் எழுதிக் குடுத்த துண்டு பேக்குல இருக்கு."

"அத அங்கயே சொல்றதுக்கு என்ன?"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீங்க மாத்தயாவோட சண்டைக்குப் போயிட்டீங்க."



அந்த டீச்சரை இனி மன்னித்துவிடலாம். அஞ்சலையை மாட்டேன்.