இமயமலைக்கு முன் மொட்டை மாடி

அன்புள்ள கோபக்காரிக்கு,

நீ இல்லாமல் நான் நன்றாகவே இருக்கிறேன். உன்னைத் திரும்பக் கூப்பிடுவதற்காக இதை எழுதவில்லை.

"ரெண்டு மாடி ஏறவே மூச்சு வாங்குது, இந்த வயசுல இமயமலை கேக்குதா?" என்று சொல்லிவிட்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போனாயே, இன்று காலை ஐந்து மாடியும் ஏறிவிட்டேன். சும்மா இல்லை, முதுகில் பாரத்தோடு. வேறெதுவும் அகப்படாததால் உன் தையல் மெஷினின் தலையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கத்தாதே, பத்திரமாக இருக்கிறது.

உயரத்துக்குப் போனால் உடனே இறங்கக் கூடாதாம், உடம்பு பழக வேண்டுமாம். மலைக்கு அழைத்துப் போகிறவர்கள் கொடுத்த தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறது. அதன் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன், மொட்டை மாடியில் உட்கார்ந்தபடி.

தண்ணீர்த் தொட்டி கழுவ வந்தவர், "சார், கையப் பிடிச்சு எறக்கி விடட்டுமா?" என்றார். "பயிற்சியில இருக்கேன், தொந்தரவு பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டேன். கடிதத்தை மட்டும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மெஷினை எடுக்க எப்படியும் வருவாய். வரும்போது முழங்கால் தைலம் கொண்டு வா. மச்சானையும் கூட்டி வா. மெஷினைவிடக் கனமான ஒன்றையும் இறக்க வேண்டியிருக்கிறது.

அவசரமில்லை. இருட்டுவதற்குள் வந்தால் போதும்.

இப்படிக்கு,
நீ சொன்னதைக் கேட்காதவன்