என் அறையில் சோறு வடித்த பெண்

பலாங்கொடை, 1926 ஆவணி

கர்த்தருக்குள் பிரியமான ஞானப்பூவுக்கு,

தேவகிருபையால் நான் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

பயப்படாமல் வாசி. முந்தாநாள் தேயிலை ஸ்டோரில் வேலை முடிந்து, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்தால், என் அறையில் ஒரு பெண் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்குத் துணையா இருக்கச் சொல்லி கங்காணி அனுப்பினாருங்க" என்றாள். கங்காணி வேறு யார், உன் அண்ணன் மாசிலாமணிதான்! ஓடிப்போய் அவரிடம் கேட்டேன்.

"ஊரு கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கு மாப்பிள்ளை. நானும் இங்க ஒருத்தியோடதானே இருக்கேன்" என்று சிரித்தார்.

"கர்த்தர் இந்தப்பக்கமும் இருக்காரே மச்சான்" என்றேன். சிரிப்பு நின்றுபோயிற்று.

நம் கல்யாணத்தில் கைவைத்து ஜெபித்த மனுஷர், ஞானப்பூ! அந்தப் பெண்ணைச் சோற்றோடு அவள் தாயிடம் அனுப்பிவிட்டேன். பாவம், அழுதுகொண்டே போனாள். அண்ணியிடம் சொல்வதா வேண்டாமா என்று நீயே ஜெபித்து முடிவு செய்.

கருப்பட்டியும் மிளகாய்ப்பொடியும் ஆள்வசம் அனுப்ப வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நீயே எடுத்து வா. தபால் கொண்டுபோகிறவர் வாசலில் நிற்கிறார். சீக்கிரம் வா. இங்கே வந்த புதிதில் உன் அண்ணனும் என்னைப் போலத்தான் இருந்திருப்பார்.

உன்
வேதமாணிக்கம்