ஓட்டுமேட்டுக்கு ஒரு வேலி

ஐயா,

இன்று காலை கடையின் பின்னறையில் சவர்க்காரப் பெட்டிகளை இறக்கி அடுக்கும்போது ஒரு சின்னப் போத்தல் உருண்டு விழுந்து மூடி கழன்றுகொண்டது. நெடியில் மூக்கு எரிந்தது. நகப்பூச்சு. அதுவும் நிறமில்லாத நகப்பூச்சு. நெடுங்கேணிச் சுற்றுவட்டாரத்தில் இந்தச் சரக்கை வாங்க உங்களைத் தவிர ஒருவரும் இல்லை. நீங்களோ மார்கழியில் கண்ணை மூடிவிட்டீர்கள். இனி இதை நான் யாருடைய தலையில் கட்டுவது?

நீங்கள் முதன்முதல் என் கடை வாசலில் வந்து நின்றது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அரசாங்கத் தொல்பொருள் கந்தோரிலிருந்து ஒரு ஐயா வந்திருக்கிறார், பழைய பானை ஓடுகள் புதைந்து கிடக்கிற ஓட்டுமேட்டைக் கிண்டப் போகிறார் என்று ஊர் அதற்கு முன்பே கதைத்துவிட்டது. காக்கிக் காற்சட்டையும் வெயிலில் வெந்த மூக்குமாக நின்றீர்கள். தேயிலை, சீனி கேட்பீர்கள் என்று நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"முதலாளி, நகத்துக்குப் பூசுறது இருக்கோ?"

"சிவப்போ, றோசாவோ?"

"நிறமில்லாதது."

"நிறமில்லாததை ஆர் ஐயா பூசுவினம்?"

"என்ர பானை ஓடுகள் பூசும்," என்றீர்கள். முகத்தில் சிரிப்பில்லை.

நான் முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் உப்பு மூட்டை கட்டி, காட்டுப்பாதை வழியே ஊர் ஊராக விற்றுக் கடை போட்டவன். கடைக்காரன் வாயால் 'இல்லை' என்று சொல்லக்கூடாது, 'நாளைக்கு வருகுது' என்றுதான் சொல்ல வேண்டும். அப்படியே சொன்னேன். யாழ்ப்பாணம் போன லொறிக்காரனிடம் சொல்லி எடுப்பித்தும் தந்தேன். அது வந்து சேருவதற்குள் ஊர் உங்களுக்கு ஒரு காதலியையே செய்து முடித்துவிட்டது. அவள் எந்த ஊர் என்பதில் மட்டும்தான் இரண்டு கட்சி.

பிறகு ஒருநாள் மேட்டுக்கு மண்ணெண்ணெய் கொண்டுவந்தபோது விஷயத்தைக் காட்டினீர்கள். ஓட்டைக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஓரத்தில் மையால் பொடி எழுத்தில் ஓர் இலக்கம். எந்தக் குழி, எவ்வளவு ஆழம் என்பது அந்த இலக்கத்தில் இருக்கிறது. அது அழியாமல் மேலே ஒரு தடவை நகப்பூச்சு. "இலக்கம் அழிஞ்சுதெண்டால் இது வெறும் ஓடு, முதலாளி," என்றீர்கள். உடைந்த சட்டிக்கு இவ்வளவு பவுசா என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. நீங்கள் நல்ல வாடிக்கை.

உங்களோடு எனக்கு ஓயாத சண்டை ஒன்று இருந்தது. மேட்டின் ஒரு மூலையைத்தான் கிண்டினீர்கள். மிச்சத்தைத் தொடவே இல்லை. கந்தோர் ஆட்களைத் திருப்பிக் கூப்பிட்ட பிறகு, குழிகளை நீங்களே நின்று மூடுவித்தீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"சரக்கை உள்ளுக்க வைச்சுக்கொண்டு கடையைப் பூட்டிற ஆளை இப்பத்தான் காணுறன்," என்றேன்.

"மிச்சம் பிறகு வாறவைக்கு."

"அவைக்கு உங்களை விட என்ன கூடத் தெரியும்?"

"எனக்குக் கேக்கத் தெரியாததை அவை கேப்பினம்."

இது என்ன வியாபாரம் என்று அன்றும் விளங்கவில்லை. முழுதாக இன்றும் விளங்கிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் உங்களைப் பிடித்துக்கொண்டது, குழிகளை மூடுவதற்கு முந்திய தைப்பொங்கலோடுதான். பொங்கலுக்குப் புதுப்பானை வாங்கினால் பழைய பானை சட்டியை வீட்டின் பின்னால் கோடிப்பக்கம் எறிவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். பொங்கலுக்கு நீங்கள் வவுனியாவுக்குப் போயிருந்தீர்கள். ஐயா உடைந்த பானை தேடித் தேடிக் களைத்துப்போகிறார், பாவம் என்று பிள்ளைகள் யோசித்திருக்கிறார்கள். வீட்டு வீடாகப் பழம்பானைகளைச் சேர்த்து, அளவாக உடைத்து, உங்கள் குழிக்குள் இறக்கி, நன்றாக இருக்கட்டும் என்று மண்ணையும் கிளறிப் புதைத்துவிட்டார்கள்.

நீங்கள் திரும்பி வந்தபோது அவர்கள் எல்லோரும் குழியைச் சுற்றி நின்றார்கள், பரிசு கொடுக்க வந்தவர்கள் மாதிரி. நீங்கள் இறங்கி ஒரு துண்டை எடுத்தீர்கள். திருப்பித் திருப்பிப் பார்த்து மூக்கருகே கொண்டுபோனீர்கள்.

"இதில மீன்குழம்பு மணக்குது," என்றீர்கள்.

"அது எங்கட வீட்டுச் சட்டி!" என்று ஒரு பெண்பிள்ளை துள்ளினாள்.

அடிக்கப் போகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். நான் என்றால் அடித்திருப்பேன். நீங்கள் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். சிரித்து முடித்தபின் உங்கள் முகம் மாறியதையும் பார்த்தேன். "இந்த மூலை இனி என்னோடை கதையாது," என்றீர்கள். ஏன் என்று கேட்டார்கள். அதது கிடந்த இடத்தில் கிடந்தால்தான் எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்ல முடியும், கலந்துவிட்டால் சொல்ல முடியாது என்று பொறுமையாக விளங்கப்படுத்தினீர்கள். பிள்ளைகளுக்கு அழுகை வந்துவிட்டது. அதைத் திருப்பத்தான், "சரி, கேள்வி இருந்தாக் கேளுங்கோ," என்றீர்கள்.

அதற்குப்பின், மேட்டைக் கிண்டுகிற வேலை நின்று போனபிறகும், ஒவ்வொரு தை மாதமும் பொங்கல் முடிய வந்து, பள்ளிக்கூடத்தில் ஒரு காலைப்பொழுது பதில் சொல்லிவிட்டு, என் கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவீர்கள்.

"தங்கம் கண்டனீங்களோ?"

"ஒருக்காக் கண்டனான். எங்கட கந்தோர்ப் பெரியவர் கொட்டாவி விட்டவர். அவற்ற கடைவாய்ப் பல்லில."

"பேய் வரேல்லையோ?"

"வந்தால் நல்லது. பேரையும் ஊரையும் கேட்டிருப்பன்."

"உங்கட வேலையில எது கஷ்டம்?"

"கிண்டாமல் இருக்கிறது."

ஒருமுறை பின்வாங்கிலிருந்த பெரியவர் ஒருவர் பிள்ளைகளை முந்திக்கொண்டு கேட்டார். மேட்டில் இருந்தவர்கள் எங்கள் ஆட்கள்தானே, அதைச் சொல்லிவிடுங்கோவன் என்றார். சொல்லியிருந்தால் ஊரே உங்களைத் தோளில் தூக்கியிருக்கும். நீங்கள், "சமைச்சுச் சாப்பிட்டவை எண்டு சொல்லேலும். என்ன பாஷை கதைச்சவை எண்டு தெரியாது," என்றீர்கள். வெளியே வந்ததும் நான் உங்களை ஏசினேன். 'தெரியாது' என்ற சொல் விலைபோகாது ஐயா என்றேன். "விக்க வரேல்லையே, முதலாளி," என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது. வீடு போகும் வழியெல்லாம் அதுதான் காதில் கேட்டது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

குளம் திருத்திய பிறகு வாய்க்கால் ஓட்டுமேட்டின் அடி வரைக்கும் வந்துவிட்டது. தண்ணீர் வந்த நிலம் சும்மா கிடக்குமா? யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்களில் இரண்டு குடும்பத்துக்கு இன்னும் காணி கிடைக்கவில்லை. மேட்டை வெட்டிச் சமப்படுத்தி வயலாக்கி அவர்களுக்குக் கொடுப்பது என்று கதை எழும்பியது. நீங்கள் இருந்தவரைக்கும் அரசாங்கக் கச்சேரிக்கு எழுதி எழுதித் தடுத்தீர்கள். நீங்கள் போனதும் தடுக்க ஆளில்லை. காணி அதிகாரி வந்து பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்து முடிவு சொல்வதாக இருந்தது.

அதே காலையில்தான் பிள்ளைகளின் கேள்வி நேரமும். பெரிய ரீச்சர் கடைக்கே வந்துவிட்டா. "ஐயா இல்லாட்டியும் பிள்ளையள் கேள்வியோடை இருக்குதுகள். நீங்கள்தானே அவரோடை திரிஞ்சனீங்கள், வந்து சொல்லுங்கோ," என்றா.

"நான் உப்பு விக்கிறவன் ரீச்சர்."

"அதையும் கேப்பினம். வாங்கோ."

போனேன். தங்கம் பற்றிக் கேட்டார்கள், உங்கள் பதிலையே சொன்னேன், சிரித்தார்கள். நகப்பூச்சு ஏன் என்று கேட்டார்கள், அதுவும் தெரிந்தது. அப்போது கூட்டத்துக்கு வந்த பெற்றோர் ஜன்னலோரம் நிறைந்துவிட்டார்கள். அதிகாரியும் வந்து கதிரையில் அமர்ந்துவிட்டார். மலர் என்ற பிள்ளை எழும்பினாள். காணியில்லாத இரண்டு குடும்பத்தில் ஒன்று அவளுடையது.

"மேட்டை அப்பிடியே விட்டால் எங்களுக்கு வயல் எங்க, முதலாளி?"

அவளின் தகப்பன் ஜன்னலுக்கு வெளியே நின்றார். பிள்ளையை அடக்கவில்லை. அடக்க வேண்டிய கேள்வியும் இல்லை. நீங்கள் அந்த இடத்தில் நின்றிருந்தால் முன்னோர், பின்னோர் என்று நெடுநேரம் கதைத்து, எல்லோரும் மரியாதையாகக் கேட்டுவிட்டு மேட்டை வெட்டியிருப்பார்கள். கோபிக்காதீர்கள். வயிற்றுக்குக் கேட்கிற பிள்ளைக்கு ஓட்டைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. நிலம் கேட்டால் நிலம்தான் பதில்.

வாய்க்காலுக்கு மற்றப் பக்கம் என் பேரில் உறுதி எழுதிய காணி ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். நெல்லு மில் போட வைத்திருந்தேன். அந்த மில்லை மனதுக்குள் எத்தனை தரம் ஓட்டிப் பார்த்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். எழும்பி நின்று சொன்னேன். அதை இரண்டு குடும்பத்துக்கும் தருகிறேன், அதற்குப் பதிலாக மேட்டை என் பேரில் எழுதித் தர வேண்டும், அதை ஒருவரும் தொடக்கூடாது.

பின்னாலிருந்து ஒரு குரல். "முதலாளி நட்டத்துக்கு வேலை செய்யிற ஆளில்லை. மேட்டில என்னவோ கிடக்குது!"

"எத்தினை குடம் முதலாளி? எங்களுக்கும் ஒண்டைத் தாருங்கோவன்!"

பள்ளிக்கூடமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நட்டப்படாத வியாபாரி என்று நான் இத்தனை வருஷம் தேடிய பேர் எனக்கே எதிரியாக வந்து நின்றது. மேடு என் பெயருக்கு வந்தால் புதையல் இருக்கிறது என்று நம்பி, ஒரு கிழமைக்குள் அலவாங்கும் மண்வெட்டியுமாக வந்து சல்லடையாக்கி விடுவார்கள். பேரம் பேசுகிறவனுக்கு உடனே மாற்றிப் பேசத் தெரிய வேண்டும்.

"என்ர பேரில வேண்டாம்," என்றேன் அதிகாரியிடம். "பள்ளிக்கூடத்தின்ர பேரில எழுதுங்கோ. என்ர பேர் ஒரு இடத்திலயும் வரக்கூடாது. நான் அதில கால் வைச்சால் இந்தப் பிள்ளையள் ரீச்சரிட்டைச் சொல்லட்டும்."

"அப்ப உமக்கு என்ன மிச்சம்?" என்றார் அதிகாரி.

"வேலி அடைக்கிற வேலை."

கச்சேரிக்கு அப்படியே எழுதுகிறேன் என்றார். கூட்டத்தில் முதலில் வாய் திறந்தவர் மலரின் தகப்பன். எனக்கு நன்றி சொல்லவில்லை, "வாய்க்கால் மடை எந்தப் பக்கத்தால திறக்கிறது?" என்று கேட்டார். விவசாயி. எனக்கு அது போதும்.

நான் வெளிக்கிடப் போக மலர் மறுபடி கை தூக்கினாள். "மேடு எங்கட எண்டால் நாங்கள் கிண்டலாமோ?"

"ஏலாது."

"எப்ப ஏலும்?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. "அந்த ஐயா கேக்காத கேள்வி ஒண்டு உங்களுக்கு வரேக்கை," என்றேன். பிள்ளை அதை யோசித்துக்கொண்டே உட்கார்ந்தாள். நானும் யோசித்துக்கொண்டுதான் வந்தேன்.

இன்று கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வேலி வேலைக்குப் போனேன். வேலிக்கு நடுகிற கிளுவைக் கதியால் வண்டியில் வந்திருந்தது. மேட்டின் அடியிலேயே நட்டால் குழி தோண்டத் தோண்ட உள்ளே இருப்பது குலையும் என்று, நன்றாகத் தள்ளிக் கயிறு பிடிக்கச் சொன்னேன்.

"மேட்டுக்கு வேலியோ, காட்டுக்கு வேலியோ முதலாளி?" என்றார் வேலிக்காரக் கிழவர்.

"நீங்கள் குழியை இடியுங்கோ அண்ணை."

மூன்றாவது குழியில் அலவாங்கு ஓரிடத்தில் 'டக்' என்றது. கிழவர் குனிந்தார். நான் அவரைத் தள்ளிவிட்டு முழந்தாளில் நின்று விரலால் மண்ணை ஒதுக்கினேன். ஒரு பானை ஓடு, உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. விளிம்பு வளைந்து மண்ணுக்குள் போகிறது. முழுப்பானையாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

"எடுத்துப் பாப்பம் முதலாளி, ஆரும் காணாயினம்," என்றார் கிழவர் மெல்லிய குரலில்.

என் கை சும்மா இருக்கிற கையில்லை, ஐயா. ஒரு சாமானைக் கண்டால் தூக்கிப் பார்க்கும், தட்டிப் பார்க்கும், விலை யோசிக்கும். அதை விளிம்பிலிருந்து இழுத்து எடுத்துச் சாரத்தில் துடைத்தேன். நீங்கள் சொன்ன கஷ்டம் இதுதான் என்று தெரிந்தது.

"மூடுங்கோ," என்றேன். "கதியாலை இன்னும் வெளியால தள்ளி நடுவம்."

கிழவர் தலையில் அடித்துக்கொண்டு மண்ணைத் தள்ளினார். கயிற்றை மாற்றிப் பிடித்தோம். பொழுது படுவதற்குள் அந்தப் பக்கம் அடைத்து முடிந்துவிட்டது.

அந்த ஓடு பெரிய முதிரை மரத்துக்கு நேரே, வேலிக்கு உள்பக்கம், முழங்கை ஆழத்தில் கிடக்கிறது. பின்னால் யாராவது கேள்வியோடு வந்தால் நானே கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டுவேன்.