ஒரு செட்டு பல்பு

தூத்துக்குடி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஜெனிசுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே நலம், என் வலது முழங்காலைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் அந்த அபெர்டீன் குளிரில் மூக்கு ஒழுகாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்லிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்லி உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். இதுவோ அவரைப் பற்றிய சமாசாரம். அதனால்தான் மக்ரூன் டப்பாவுக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன். மக்ரூன் நொறுங்கியிருந்தால் கூரியர்காரனைத் திட்டு, என்னைத் திட்டாதே.

நம் வாசலில் பதினோரு வருஷமாக நிற்கிறதே அந்த வீட்டு வண்டி, ஆஸ்பத்திரி ஏலத்தில் அப்பா எடுத்த எழுபத்தொன்பதாம் வருஷத்து வேன், அதன் கதைதான் இது. உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் அவரே பூட்டி, இந்தியா முழுக்கச் சுற்றப்போகிறோம் என்றார். மணப்பாடு வரைக்கும் சுற்றினோம், திரும்பி வந்தது கயிறு கட்டி. அதற்குப் பிறகு நான் அதில் காலை வைக்கவில்லை. துணி காயப்போட ஒரு முழம் வெயில் கிடைக்காமல் நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். போன தடவை வண்டி ஓடத் தகுதி என்று எஃப்.சி. வாங்கக் கொண்டுபோனபோது இன்ஸ்பெக்டர் பின்விளக்கைப் பார்த்துவிட்டு, என்ன அண்ணாச்சி, பீடிக் கங்கு மாதிரி எரியுது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பின்விளக்கையெல்லாம் எல்.இ.டி.யாக மாற்றுகிறேன், வருகிற வியாழக்கிழமை தேறவில்லை என்றால் பழைய இரும்புக் கடை மகாராஜாவிடம் வண்டியைத் தள்ளிவிடுகிறேன் என்று தெருமுனை மாதா கெபி முன்னால் நின்று சொன்னார். நானும் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தி வேண்டிக்கொண்டேன். தேற வேண்டும் என்றா, தேறக் கூடாது என்றா என்று நீ கேட்கக் கூடாது.

மோட்டார் ஸ்பேர் கடைக்குப் போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. முப்பது வருஷம் விசைப்படகு என்ஜின் பார்த்த மனுஷனுக்குக் கடை என்றால் மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் ஆன்றோவின் படகுச் சாமான் கடைதான். ஒரு செட்டு குடு என்று வாங்கி வந்தார். இடது பக்கம் போட்டார், ஜோராக எரிந்தது. வலது பக்கம் போட்டு, சிவப்பு மூடியை வைத்து முறுக்கினார், வெளிச்சத்தையே காணோம். மூடியைக் கழற்றினால் எரிகிறது, மூடினால் இல்லை. ஸ்க்ரூ எங்கோ தொட்டு எர்த் ஆகிறது என்று வயரையெல்லாம் உருவி உருவி மாட்டித் தகரத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். சிக்னல் விளக்கும் எல்.இ.டி. ஆனதும் மினுக்காமல் நின்று எரிந்தது, அதற்குப் புது ரிலே போட்டு நிமிஷத்தில் சரிசெய்துவிட்டார், அதில் கொஞ்சம் கர்வம் வேறு. இந்த வலது விளக்கு மட்டும் மசியவில்லை.

காப்பி கொடுக்கப் போன நான் முதல் நாளே பார்த்துவிட்டேன். தார்ப்பாய் நிழலில் மூடியில்லாமல் எரிந்த அந்த பல்பு பச்சை, நல்ல கிளிப்பச்சை. சிவப்பு மூடிக்குள் பச்சை வெளிச்சம் எங்கே தெரியும்? உன் அப்பா அதை முகத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இதை நான் உனக்குச் சொன்னதே இல்லை. உன் அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். எங்கள் கல்யாணமான வருஷம் துறைமுகத்தில் வேலை கிடைக்க இருந்தது, கண் பரிசோதனையில் ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். இவர் வீட்டுக்கு வந்து, எவனுக்கும் சலாம் போட நம்மால ஆகாது, நான்தான் வேண்டாம்னுட்டு வந்தேன் என்று சொல்லிவிட்டார். இன்றுவரை ஊரெல்லாம் அந்தக் கதைதான் ஓடுகிறது. துவைக்க எடுத்த கால்சட்டைப் பையில் டாக்டர் சீட்டு இருந்தது, வாசித்துவிட்டுக் கசக்கி வாளித் தண்ணீரில் போட்டேன். அந்தக் கிறிஸ்மஸுக்கு அவர் ஆசையாக எடுத்துவந்த சிவப்புச் சேலை இலைப்பச்சை. அதை ஏன் அப்பா சிவப்புச் சேலை என்கிறார் என்று சின்ன வயதில் நீ கேட்பாய், உன்னைக் கேலி பண்ணுகிறார் என்று சொல்லிவைத்திருந்தேன். முப்பத்தெட்டு வருஷம் கட்டிக்காத்ததை ஒரு பல்புக்காகவா உடைப்பது என்று வாயை மூடிக்கொண்டேன். மறைக்காமல் சொல்கிறேன், வாசல் வெயிலிலும் எனக்கு ஒரு கண் இருந்தது.

மூன்றாம் நாள் வண்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தவர், எழுந்திருக்கவும் மனசில்லாமல், "ஏளா, என் கைக்கு வேலை மறந்துட்டு போலருக்கு" என்றார். நடுக்கடலில் நின்றுபோன என்ஜினைத் தடவியே கிளப்பின கை அது. என்மேல் எனக்கே அப்படி ஒரு கோபம் வந்தது, வெயிலாம் பெரிய வெயில். மறுநாள் புதன்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்ததும் ஆட்டோ பிடித்து ஆன்றோ கடைக்குப் போனேன். அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். படகுக்கு செட்டுன்னா இடதுக்குச் சிவப்பு, வலதுக்குப் பச்சைதானக்கா, அண்ணன் செட்டுன்னு கேட்டாக, செட்டைக் குடுத்தேன், வேனுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலியே என்கிறான். ஒரு சிவப்பு வாங்கி வந்து, நாலு ஸ்க்ரூவையும் கழற்றி, பல்பை மாற்றி மூடிவிட்டு, பச்சையைக் கடுகு டப்பாவுக்குள் போட்டேன். எழுந்து வந்தவர் சுவிட்சைப் போட்டார், இரண்டும் எரிந்தது. எர்த்தைப் புடிச்சிட்டேன் என்று தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாரையும் நிறுத்திக் காட்டினார். வியாழக்கிழமை எஃப்.சி.யும் தேறிவிட்டது.

அன்று சாயங்காலம் அடுக்களையில் வந்து நின்றார். நான் முறுக்கினால் நாலு ஸ்க்ரூவின் தலைக் கீறலும் நெட்டுக்குத்தாகத்தான் நிற்கும், அந்த மூடியில் நாலும் நாலு பக்கம் பார்க்கிறது, யார் வேலை என்று கேட்டார். இது தெரிந்துகொண்டேதான் தெருவெல்லாம் பீற்றியிருக்கிறார், பார்த்தாயா? நான் கடுகு டப்பாவைத் திறந்து பல்பை எடுத்து வைத்தேன். அதை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, "இது என்ன கலர்ளா?" என்றார். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் கேட்டே இராத கேள்வி. பச்சை என்றேன். "துறைமுக வேலைய நான் விடலளா, அவங்கதான் வேண்டாம்னுட்டாங்க" என்றார். தெரியும் என்றேன். எப்போதிலிருந்து என்றார். அன்றைக்குக் கால்சட்டை துவைத்ததிலிருந்து என்றேன். அப்போ அந்தச் சிவப்புச் சேலை என்று இழுத்தார். அதுவும் பச்சைதான் என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது, அவருக்கும்தான். முந்தானையால் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டோம். சிக்னலில் எப்படித்தான் இத்தனை நாள் ஓட்டினீர்கள் என்று கேட்டேன். மேலே எரிந்தால் நிற்பேன், கீழே எரிந்தால் போவேன், எதிர்வெயில் அடித்தால் முன்னால் போகிறவனைப் பார்த்துக்கொள்வேன் என்றார். பிறகு மெதுவாக, பக்கத்தில் ஒரு ஆள் இருந்து சொன்னால் நன்றாயிருக்கும் என்றார்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, அவராகச் சொன்னால் முதல் தடவை கேட்கிறவள் மாதிரி கேட்டுக்கொள். காதை மூடாமல் வெளியே போகாதே, வேலை இருக்கிறது என்று காலைச் சாப்பாட்டை விடாதே. மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை வேளாங்கண்ணிக்குப் புறப்படுகிறோம், அந்த வண்டியில்தான். அன்றைக்கு முழுக்க எனக்குப் போன் போடாதே, எடுக்க மாட்டேன். முன் சீட்டில் உட்கார்ந்து உன் அப்பாவுக்குக் கலர் சொல்லிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பிலோமினா