மொட்டைத் தாளம்

கிள்ளான்,
தைப்பூசம் கழிந்த வாரம்.

அன்பு மகள் ரோகிணிக்கு அம்மா எழுதுவது. முருகன் அருளால் அப்பாவும் நானும் சுகம். கிளாஸ்கோ குளிரில் நீ காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் இதை எழுதினால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவாய். அதனால்தான் தபால்.

அப்பாவுக்கு இருதயப் பரிசோதனை முடிந்தது. "அங்கிள், வண்டி இன்னும் இருபது வருஷம் ஓடும்லா" என்றாராம் டாக்டர். அப்பா அதற்குச் சிரிக்கவில்லை.

உன்னோடு படித்த கிரிதரன் எடுத்த படத்தை டிசம்பரில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன மண்டபத்தில் போட்டான். "பாட்டுப் படம் ஆன்ட்டி, சிரிச்சு வயிறு வலிக்கும், கண்டிப்பா வரணும்" என்று வீடு தேடி வந்து கூப்பிட்டான். படத்தின் பெயர் 'மொட்டைத் தாளம்'. பெயரைக் கேட்டபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ரயிலேறிப் போனோம்.

தைப்பூசத்துக்கு மொட்டை போட்டுக்கொண்டு, பதினைந்து வயதில் மூன்றாம் படிவ வகுப்புக்குள் நுழைகிற பெண்ணின் கதை. அவள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். மொட்டை என்பதை மலாயில் போத்தாக், போத்தாக் என்று ராகம் போட்டுக் கூப்பிடுவார்கள். கேண்டினில் பையன்கள் வரிசையாக வந்து அவள் தலையில் தபேலா வாசிப்பார்கள். அவள் அழாமல் அந்தத் தாளத்துக்கே பாடுவாள். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், ரோகிணி. பிறகுதான் அந்தத் தாளம் எனக்குப் பழக்கமானது என்று தெரிந்தது. உனக்கு மொட்டை போட்ட வருஷம் நீ பள்ளி விட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் விரலால் அதைத்தான் தட்டிக்கொண்டு பாடுவாய். பிள்ளை சந்தோஷமாக இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டுத் தாமரை அக்காவிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

படம் முடிந்து எழுத்து ஓடியது. கதை, பாடல்கள்: ரோகிணி. அப்பாவும் படித்தார். திரும்பும் ரயிலில், ஷா ஆலம் தாண்டிய பிறகு, "எல்லாரும் நல்லா சிரிச்சாங்கல்ல" என்றார்.

நான் எதற்கும் கணக்கு வைக்கிறவள். முருகனிடமும் அப்படித்தான் வைத்தேன். ஐசியூவில் அப்பா கண் திறக்காமல் கிடந்தபோது, இந்த உயிருக்கு என் மகளின் முடி என்று வேண்டிக்கொண்டேன். அவர் எழுந்து வந்தார். இடுப்பு வரை இருந்த முடியைக் கொடுக்க, பத்துமலைக் கோயிலில் நீ முனகாமல் தலை குனிந்தாய். வரவும் செலவும் சரியாகிவிட்டது என்று சந்தனம் பூசிக் கூட்டி வந்தேன். யார் கையிலிருந்து போன செலவு என்று பார்க்கவில்லை.

படம் பார்த்த நாள் முதல் வீட்டில் அந்தத் தாளம் கேட்கிறது. வாஷிங் மெஷினில் கேட்கிறது. மழை பெய்தால் பின்பக்கத் தகரத்தில் கேட்கிறது. சாம்பிராணி காட்டும்போது சாமி மேடைக்குப் பின்னாலிருந்து வருகிறது. "கரப்பான் ஓடுது, மருந்து அடி" என்கிறார் அப்பா. ஆனால் அவரும் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறார்.

அடுத்த மாதம் கிள்ளானில் மறுபடியும் போடுகிறார்கள். நீ வருவாயா என்று கிரிதரனிடம் கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு, "அம்மா இருக்கிற ஹால்ல உட்கார முடியாதுன்னு சொல்றா ஆன்ட்டி, ஸோரி" என்றான்.

நீ வர வேண்டும் என்று நேர்ந்துகொள்ளத்தான் இந்தத் தைப்பூசத்துக்குப் பத்துமலை போனேன். வாய் எழவில்லை. முடி எடுக்கிற தம்பி, "என்ன வேண்டுதல்க்கா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, மழித்துவிடுங்கள் என்றேன்.

"பேரப்பிள்ளை பார்க்கிற வயசுல உனக்கு எதுக்குடி இந்த வேஷம்" என்று தாமரை அக்கா சிரித்தார். காய்கறி வாங்கப் போன பாசாரில் ஒரு பிள்ளை போத்தாக் என்று கத்தியது. அலமாரிக் கண்ணாடியைத் தாண்டும்போதெல்லாம் அதற்குள் நீ நிற்கிறாய், பள்ளி பினஃபோர் ஒன்றுதான் இல்லை. மழைத்துளி விழுந்தால் சத்தம் மண்டைக்குள்ளே கேட்கிறது. நீ சொன்னதே இல்லையேம்மா.

படம் ஓடும் அன்று நான் மண்டபத்துக்கு வெளியே நிற்கிறேன். நீ உள்ளே உட்கார். இப்போதே முடி முள் முள்ளாக வருகிறது. அது வளர்வதற்குள் வந்து, என் தலையில் அந்தத் தாளத்தை ஒருமுறை தட்டிவிட்டுப் போ.

வேலும் மயிலும் உன் வழிக்குத் துணையாக வரட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா